மஞ்சளில் கழுவிய டெரியாக்கி

பன்னிரண்டு வருடங்களாக எனக்கு ஒரு கோழியின் மேல் பொறாமை. அதை நான் கண்ணால் பார்த்ததில்லை, வாயில் வைத்ததில்லை. என் வீட்டுக்காரர் போனில் சொல்லிச் சொல்லியே அது எனக்குச் சக்களத்தி ஆகிவிட்டது.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடத்திலிருந்து அவருக்குச் சரக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலை. என்ஜின் அறையில் வெல்டிங் அடிப்பது, குழாய் மாற்றுவது, பம்பைப் பிரித்துச் சேர்ப்பது. ஒன்பது மாதம் தண்ணீரில், இரண்டரை மாதம் வடசென்னை எர்ணாவூரில் எங்கள் வீட்டில். கப்பல் ஏதாவது துறைமுகத்தை ஒட்டி வந்து சிக்னல் கிடைத்தால் கூப்பிடுவார். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"துன்னியா? இன்னா துன்ன?"

"அத ஏன் கேக்குற. நம்ம குக்கு இன்னிக்கு ஒரு கோழி சுட்டான் பாரு, டெரியாக்கின்னு. தேன் ஊத்தி, சோயா சாஸ் ஊத்தி, அன்னாசிப் பயம்லாம் போட்டு. வாயில வெச்சா அப்டியே கரையுது."

கப்பல் மாறும். குக் மாறுவார், ஒரு தடவை பிலிப்பைன்ஸ்காரர், இன்னொரு தடவை பர்மாக்காரர். கோழி மட்டும் மாறாது. நான் இங்கே சங்கரா மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே "அப்டியா" என்று கேட்டுக்கொள்வேன். போனை வைத்ததும் சட்டியை நங்கென்று இறக்குவேன். "சட்டி இன்னாம்மே பண்ச்சி உன்ன?" என்று கேட்பார் என் மாமியார்.

வீட்டுக்கு வந்தாலும் விருந்தாளி மாதிரிதான் சாப்பிடுவார். போட்டதைத் தின்பார், மிச்சம் வைக்க மாட்டார். நல்லா இருக்கா என்று கேட்டால் "கீது" என்பார். கோழிக்குக் கதை சொன்ன வாயிலிருந்து என் குழம்புக்கு ஒரே ஒரு வார்த்தை.

போன வருடம் அவர் வந்து ஆறாவது வாரம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்த மாதமே ஒரு கப்பல் இருக்கிறது, வருகிற திங்களுக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள்.  அதே நேரத்தில் நான் வேலை செய்கிற கன்டெய்னர் யார்டில் ஓர் இடம் காலி. அடிபட்ட கன்டெய்னர்களை ஒட்டுகிற பகுதிக்கு வெல்டிங் தெரிந்த சூப்பர்வைசர் வேண்டும். நான் கேட் பாஸ் போடுகிறவள். மேனேஜரிடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டுவைத்தேன். கூட்டிக்கொண்டு வாம்மா என்றார். பஸ்ஸில் இருபது நிமிட தூரம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். மகள் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தால் அப்பா இருப்பார். எனக்கு அது போதும்.

இதை அவரிடம் எப்படிச் சொன்னேன் தெரியுமா? துணி மடித்துக்கொண்டே, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எங்க யார்டுல வெல்டிங் பாக்க ஆளு தேடிகினு கீறாங்க" என்று சொன்னேன். அவரும் "அப்டியா" என்றார். அவ்வளவுதான்.

போகாதே என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரர் நெட்டுக்குப்பத்து மீனவர் குடும்பம். மாமனார் இருந்தவரை படகில் போனவர். கல்யாணமாகி ஒரு வாரத்தில் மாமியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்ன முதல் புத்திமதி இதுதான்: கடலுக்குப் போகிறவனைப் போகாதே என்று சொல்லாதே, அந்த வார்த்தையும் அவன்கூடவே ஏறிக்கொள்ளும். நான் ராயபுரத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஆனால் பன்னிரண்டு வருடமும் அவர் பையைத் தூக்கும்போது வாயைக் கடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

சொல்லக் கூடாதா, செய்து காட்டலாமே என்று தோன்றியது. அந்தக் கோழியை நானே இங்கே சுட்டுப் போட்டால், கப்பலில் மட்டும்தான் கிடைக்கும் என்று நினைக்கிறதெல்லாம் வீட்டிலும் கிடைக்கும் என்று புரிந்துகொள்வார். பைத்தியக்காரத்தனம்தான். இப்போது எழுதும்போது எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது. ஆனால் அந்த வாரம் அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை மகளிடம் சொல்லி ஒரு வீடியோ அனுப்பச் சொன்னேன். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் கலக்கிவிட்டாள். சோயா சாஸ், தேன், இஞ்சி, பூண்டு, அன்னாசிச் சாறு, கொஞ்சம் தேங்காய்ப்பால். அதோடு மிரின் என்று ஒன்று. எர்ணாவூரில் மிரினுக்கு எங்கே போக? வேலை முடிந்து திருவொற்றியூரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் அது சோப்பா என்றார். இன்னொருவர் மெடிக்கல் ஷாப்பில் கேளுங்கள் என்றார். செவ்வாய்க்கிழமை ராயபுரம் வரை போய்ப் பெரிய கடையில் தேடினேன். அங்கே இருந்த பெண் தன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அக்கா, அது ஜப்பான் சாராயம்க்கா" என்று சத்தமாகச் சொன்னாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். புதன்கிழமைதான் வீடியோவைக் கடைசி வரை பார்த்தேன். மிரின் கிடைக்காவிட்டால் வினிகரில் சர்க்கரை கலந்துகொள்ளுங்கள் என்று அந்தப் பெண் கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

வியாழக்கிழமை சோதனை. மாமியார் நெட்டுக்குப்பத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார், சனிக்கிழமைதான் வருவார். காலையிலேயே அன்னாசியை மிக்சியில் அடித்து, கோழித் துண்டுகளை அதில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் வந்தால் இவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு டிவி பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை திடுமென்று முன்னால் வைக்கவேண்டும் என்று நான் திட்டம் போட்டிருக்க, இவர் இப்படிக் குத்துக்கல்லாட்டம் வீட்டில் இருந்தால் எப்படி?

"இன்னாய்யா, பூரா நாளும் வூட்டுலயே குந்திகினு கீற? எங்கியாச்சும் போய்ட்டு வாயேன்."

"எங்க போறது?"

"எங்கியாச்சும் போய்யா. உன் தோஸ்துங்களப் பாரு. பொயுது சாஞ்சி வா."

என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பாடா என்று கோழியை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாமியார் மீன் சுடுகிற கம்பி வலை இருந்தது. நாலு செங்கல் அடுக்கி, இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிவந்த அடுப்புக்கரியைப் பற்றவைத்து, வலையைப் போட்டு, முதல் துண்டை எடுத்தேன். அது கையோடு பிய்ந்து வந்தது. வலையில் வைத்தது கம்பி இடுக்கு வழியாகக் கூழாக நெருப்பில் விழுந்தது. ஒரு கிலோ கோழி, எலும்பு தனி, கூழ் தனி. மகளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "பச்சை அன்னாசி கறிய அரிச்சிடும்மா. கொதிக்கவெச்சி ஊத்தணும்னு வீடியோக்குக் கீழயே நாலு பேர் எழுதியிருக்காங்களே" என்றாள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குச் சொல்வதற்குத்தான் ஆளில்லை.

இவர் திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. நான் மாடியைக் கழுவி, கையைக் கழுவி, ஒன்றுமே நடக்காதது போல ரசம் வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். எங்கே போய்வந்தாய் என்று நான் கேட்கவில்லை. மனதில் கோழிக் கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், மாமியார் வந்து சேருவதற்கு முன், எல்லாம் சரியாக வந்தது. அன்னாசிச் சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டேன். சோயா சாஸில் முக்கால் பாட்டில் ஊற்றினேன். தேன், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், வினிகர், சர்க்கரை. கோழியைத் தோலோடு கீறிப்போட்டு மூடி பிரிட்ஜில் வைத்தேன். விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போவார், நாங்கள் இரண்டு பேரும் இரண்டாம் பூசைக்குப் போவோம். எப்போதும் அப்படித்தான். நாங்கள் கோயிலுக்குக் கிளம்பும்போது மாமியார் திரும்பி வந்தார். பூசை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறைத் தொட்டியடியில் உட்கார்ந்து ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கல்லுப்பு டப்பா, மஞ்சள்தூள் டப்பா. கிண்ணத்தில் என் கோழி. பளிச்சென்று மஞ்சளாக.

"அத்தே, இன்னா பண்ற?"

"நீ இன்னாம்மே பண்ணிகீற? கறிய வாங்கியாந்து கயுவாம அப்டியே வெச்சிகீற. மாவு எடுக்கலாம்னு தொறந்தா கன்னங்கரேல்னு தண்ணி உட்டுகினு கீது. ஒரே புளிச்ச வாட. நல்ல வேள, நான் பாத்தன். மூணு தண்ணி ஊத்திக் கயுவிட்டேன். இனிமே மசாலா போடு."

மாமியார் முப்பது வருடம் கூடை தூக்கி மீன் விற்றவர். அவர் வீட்டில் மீனோ கறியோ கல்லுப்பிலும் மஞ்சளிலும் உரசி மூன்று தண்ணீர் பார்க்காமல் அடுப்பேறாது. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் முதலில் கறியைத் தொட்டு விரலை முகர்ந்து பார்ப்பார். எனக்கு இது தெரியாதா? தெரியும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். என் டெரியாக்கி முழுக்கச் சாக்கடையில் போய்விட்டது. மஞ்சள் வாசனைதான் மிச்சம்.

கத்தவும் முடியவில்லை. எழுபது வயது மனுஷி, முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து எனக்கு உதவி செய்கிறதாக நினைத்துத் தேய்த்திருக்கிறார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று என் தலையிலேயே இரண்டு போட்டுக்கொண்டேன். பிறகு தெருமுனையில் நூடுல்ஸ் வண்டி போடுகிறவர் வீட்டுக் கதவைத் தட்டி, தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, ஒரு டம்ளர் சோயா சாஸ் கடன் கேட்டேன். எதுக்குக்கா என்றார். செத்துப்போக என்றேன். பயந்துபோய் அரை பாட்டிலாகக் கொடுத்துவிட்டார்.

தேன் தீர்ந்துவிட்டது, வெல்லப்பாகு காய்ச்சினேன். ஒரு மணி நேரம்தான் ஊறவைக்க முடிந்தது. மாடியில் கரி பற்றிக்கொண்டதும் காற்று வடக்கிலிருந்து வீச ஆரம்பித்தது. அப்படி வீசினால் நாங்கள் கொடியில் துணிகூடப் போடுவதில்லை, அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து உட்கார்ந்துவிடும். பாகு தடவிய கோழியில் உட்கார்ந்தால் கேட்கவா வேண்டும்? வேறு வழியில்லாமல் படிக்கட்டில் நின்று இவரைக் கூப்பிட்டேன். குடையோடு வரச் சொன்னேன்.

வந்தார். ஒன்றும் கேட்காமல் குடையை விரித்துக் காற்றுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார். நான் விசிறினேன். பாகு சொட்டி நெருப்பில் சுர்ரென்றது. அன்னாசி வட்டங்களையும் ஓரத்தில் வைத்தேன். ஒரு பக்கம் கருகியது, இன்னொரு பக்கம் பளபளவென்று செம்பழுப்பாக வந்தது. மாமியாருக்கு மாடிப்படி ஏற முடியாது, அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் அங்கே இருந்தோம். நல்லதாக ஒரு துண்டைப் பார்த்து, அன்னாசியோடு தட்டில் வைத்து அவரிடம் நீட்டினேன்.

"இன்னாது?"

"துன்னு பாரு. உன் டெரியாக்கி."

கடித்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"நல்லாகீதும்மே" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"கப்பல்ல கரையுது கரையுதுன்னு சொன்னியே. இது கரையலியா?"

"கரையுது கரையுது."

"அப்போ இன்னொரு துண்டு எடு."

எடுக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஏழு நாளாகக் கடை கடையாக அலைந்தது, கூழாய்ப் போனது, கழுவி ஊற்றியது, எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டது. இதுகூட உனக்குப் பிடிக்கவில்லையா, நான் எதைப் பண்ணிப்போட்டாலும் பிடிக்காதா, அந்தக் குக்கைத்தான் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் நீ என்று கத்தினேன்.

"எனுக்கு இது எப்பவுமே புடிக்காதும்மே."

"இன்னா?"

"கறிய இனிப்பா துன்ன முடியல. அங்க ஒரு கிறிஸ்மஸுக்குப் போட்டாங்க. ரெண்டு வாய்தான். வெளிய போய்த் துப்பிட்டேன்."

"அப்போ பன்னண்டு வருசமா சொன்னது?"

"நீ இன்னா துன்னன்னு கேப்ப. வெறுஞ் சோத்துல ஊறுகா போட்டுத் துன்னேன்னு சொன்னா, நீ இங்க தூங்குவியா? அந்தப் பேரு மனசுல நின்னுச்சி. கேக்க நல்லா கீதேன்னு அதையே சொல்லிகினு வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பதா அவரை விசிறியால் அடிப்பதா என்று தெரியவில்லை. இல்லாத ஒரு கோழியோடு பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். வாய் தானாகத் திறந்தது.

"போவாத."

குடை காற்றில் ஆடியது. அவர் பிடியை மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாளிக்கி கம்பெனிக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லு. யார்டுல வேல கீது, நான் பேசி வெச்சிகீறேன். நீ போவாத. எனுக்கு நீ இங்கதான் வேணும்."

சொல்லிவிட்டேன். சொன்னதும் என் மாமியார் பயமுறுத்திய எதுவும் நடக்கவில்லை. கரிதான் வெடித்தது. அவர் குடையை மெதுவாக மடக்கினார். கோழிமேல் சாம்பல் இறங்குவதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"கையெயுத்துப் போட்டுட்டேனே" என்றார்.

"எப்போ? நாளிக்கி வரிக்கும் டைம் கீதே."

"வியாழக்கெயம. எங்கியாச்சும் போன்னு சொன்னல்ல. எங்க போறதுன்னு தெரியாம கம்பெனி ஆபீஸுக்குப் போயி குந்திகினு இருந்தேன். நான் வூட்ல இருந்தா உனுக்கு பேஜாரா கீது போல, அதான் வெரட்டுறன்னு நென்ச்சேன். அவங்க பேப்பர நீட்டுனாங்க, போட்டுட்டேன்."

அவர்மேல் கோபப்பட ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுட்டிருந்த எல்லாத் துண்டையும் பாத்திரத்தில் வாரிப்போட்டுக்கொண்டு கீழே வந்தேன். மாமியார் மட்டும் மூன்று துண்டு தின்றார். "நான் கயுவுனதாலதான் வாட இல்லாம கீது" என்று சொல்லி எலும்பைச் சப்பினார். நான் அன்று சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து அழுதேன். திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், அவரால் வரமுடியாது சார் என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமையே வேறொருவரைச் சேர்த்துவிட்டார்கள். அவர் ஒட்டி முடித்த கன்டெய்னர்கள் வெளியே போக நான்தான் இப்போது கேட் பாஸ் போடுகிறேன்.

கையெழுத்தை வாபஸ் வாங்க முடியாதா என்று நானும் கேட்டேன். இப்போது மறுத்தால் கறுப்புப் பட்டியலில் போட்டுவிடுவார்கள், எந்தக் கம்பெனியும் கூப்பிடாது என்றார். இந்த ஒரு தடவைதான், இது முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றார். அவர் பையைத் தூக்கிய காலையில் நான் வாயைக் கடித்துக்கொள்ளவில்லை. போவாத என்று இன்னொரு தடவையும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

பதினோராவது நாள் போன் வந்தது. பின்னால் என்ஜின் சத்தம். மாமியார் கேட்பதற்காக என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "இன்னா துன்ன?" என்றேன். 

"சோறும் பருப்பும்" என்றார். "பருப்பு வேவல. பாதி கொட்டிட்டேன்."

சரி, உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு வைத்தேன். மாமியார் என் முழங்கையைப் பிடித்து இழுத்து, பிள்ளை என்ன தின்றானாம் என்று கேட்டார். நல்லா சாப்டாராம் அத்தே என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.